நெடுந்தீவிலை ஒரு இரவு நிண்டு பொழுதுபடுறதைப் பாருங்கோ: தங்கின வீடும் வாடகைச் சைக்கிளும்

நேரா விசயத்துக்கு வாறன். யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலை கடலுக்கை இருக்கிற நெடுந்தீவுக்குப் போற சனம் அநேகமா காலமைப் படகிலை போய், ஒரு வானையோ ஓட்டோவையோ பிடிச்சு, கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம், வளருற கல்லு எண்டு உச்சி வெயிலுக்கை ஓடி ஓடிப் படம் எடுத்துப்போட்டு மத்தியானத்துக்குப் பிறகு வெளிக்கிடுற படகிலை திரும்பி வந்திடும். நானும் முந்தி ரெண்டு தரம் அப்பிடித்தான் போட்டு வந்தனான், ரெண்டு தரமும் தலையிடியோடைதான் வீட்டை வந்து சேந்தது. இந்த முறை ஒரு இரவு நிண்டம். நிண்ட வீட்டைப் பற்றியும் அவையள் தந்த சைக்கிளைப் பற்றியும்தான் எழுத வந்தனான், ஆனா எழுத வெளிக்கிட்டா அந்தப் பின்னேரத்தை விட்டுப்போட்டு எழுத ஏலாது, ஏனெண்டா நாங்கள் அங்கை குடுத்த காசு முழுக்க அந்த நாலு மணியிலையிருந்து ஏழு மணி வரைக்குமான நேரத்துக்குத்தான் எண்டு எனக்கு இப்பவும் படுது.

வீட்டின்ரை பேரைப் போடேல்லை. வாசல்லை பேர்ப்பலகையும் இல்லை. நான் எழுதப்போறன் எண்டோடனை வீட்டுக்கார அன்ரி, "எழுது பிள்ளை, ஆனா பேரைப் போட்டிடாதை, இருக்கிறது ரெண்டு அறை, சனம் கூட வந்தா நான் ஆருக்கெண்டு சமைக்கிறது" எண்டவ. அது நியாயமான கதைதான். மாவிலித்துறையிலை இறங்கி, அறையும் சைக்கிளும் குடுக்கிற வீடு எங்கை எண்டு கேட்டா ஆராவது ஒராள் கூட்டிக்கொண்டுபோய் விடுவினம், அந்த ஊர்ச் சனம் அப்பிடி. நாங்களும் தெரிஞ்ச ஒராள் தந்த நம்பரிலை முதல் நாலு நாளைக்கு முன்னம் எடுத்துக் கதைச்சுப்போட்டுத்தான் போனனாங்கள்.

கனடாவிலையிருந்து அண்ணா குடும்பம் பங்குனி லீவுக்கு வந்து நிண்டது. அண்ணா, அண்ணி, மூத்தவளுக்குப் பதினாலு வயசு, சின்னவனுக்கு ஒம்பது. அதோடை நானும் அப்பாவும். பிள்ளையள் தீவிலை லீவு எண்டோடனை நீச்சல் தடாகமும் குடையும் கதிரையும் இருக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தவை. அப்பாதான் நெடுந்தீவு எண்டு பிடிவாதமா நிண்டவர். அவர் 1981 இலையிருந்து மூண்டு வருசம் அங்கை படிப்பிச்சவர், கிழமையிலை அஞ்சு நாள் அங்கையே தங்கி நிண்டு, வெள்ளிக்கிழமை படகெடுத்து வீட்டை வந்து, திங்கள் விடியக்காலமை திரும்பிப் போறவராம். "பகல் நெடுந்தீவு வேறை, பின்னேர நெடுந்தீவு வேறை" எண்டு சின்னனிலையிருந்து எங்களுக்குச் சொல்லிச் சொல்லி, எங்களுக்கு அது ஏதோ அப்பாவின்ரை வழமையான கதை எண்டு போச்சு.

காலமை ஆறரைக்கு வீட்டாலை வெளிக்கிட்டு, பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, பிறகு வாணர் பாலம், புங்குடுதீவு, குறிகட்டுவான். வான் பிடிக்கோணும் எண்டில்லை, யாழ்ப்பாணத்திலையிருந்து 776 பஸ் குறிகட்டுவானுக்கே போகுது, மெல்லமா ஆடி ஆடிப் போகும், ஆனா ரெண்டு பக்கமும் கடலைப் பாத்துக்கொண்டு போறதுக்கு பஸ்தான் திறம். குறிகட்டுவானிலை ஒண்டைக் கவனியுங்கோ, நயினாதீவுக்குப் போற சனமும் அதே துறையாலைதான் போறது, திருவிழாக் காலத்திலை கால் வைக்க இடம் இராது. மாசி பங்குனியிலை கச்சதீவு அந்தோனியார் திருவிழாவும் வரும், அந்த ரெண்டு மூண்டு நாளும் படகுகள் எல்லாம் அந்தப் பக்கம் போயிடும், அதைப் பாத்து விலத்தித் திகதியைப் போடுங்கோ. நாங்கள் போகேக்கை திருவிழா முடிஞ்சு ஒரு கிழமை.

படகு ஒரு மணித்தியாலம் கிட்ட ஓடினது. கடல் அண்டைக்குச் சரியான அமைதி. அப்பா ஒரு கதையும் இல்லாமல் கடலையே பாத்துக்கொண்டு வந்தவர். சின்னவன் "ஏன் அப்பப்பா கதைக்கிறீங்கள் இல்லை" எண்டு கேக்க, "நான் குமுதினியிலை போய் வந்தனான் அப்பு" எண்டு மட்டும் சொன்னவர். அப்பாவுக்கு 1984 இலை மாற்றம் கிடைச்சு ரவுணுக்கு வந்திட்டார். அடுத்த வருசம், 1985 மே 15, அதே குமுதினிப் படகிலை வைச்சு முப்பதுக்கு மேலை சனத்தை வெட்டிக் கொன்றவங்கள். அப்பாவோடை அடிக்கடி பயணம் செய்த ஆக்களும் அதிலை. மாவிலித்துறையிலை இறங்கினோடனை அந்த நினைவிடத்துக்குத்தான் முதல் போனம், அப்பா செருப்பைக் கழட்டிப்போட்டு கன நேரம் நிண்டவர். பிள்ளையளுக்கு அண்ணா அதிலை வைச்சே விளங்கப்படுத்தினவர். லீவுக்குப் போற ஆக்களும் அதிலை ஒருக்கா நிண்டுபோட்டுப் போங்கோ எண்டுதான் நான் சொல்லுவன்.

வீடு துறையிலையிருந்து ஓட்டோவிலை கொஞ்சத் தூரம். ஓட்டு வீடு, நீட்டு விறாந்தை, முத்தத்திலை ஒரு பெரிய வேம்பு, சுத்திவர முருகைக்கல்லு, அதுதான் பவளப்பாறைக் கல்லு, மதில். அறை ரெண்டும் துப்புரவு, கட்டில் விரிப்பு வெயில் மணத்தோடை இருந்தது, காத்தாடி இருக்கு, நுளம்புவலை இருக்கு. குளியலறை வெளியிலை, ஆனா நல்லாக் கழுவி வைச்சிருந்தவை. அப்பாவுக்கு விறாந்தையிலை ஒரு மடிக்கிற கட்டில் போட்டுக் குடுத்தவை, அவருக்கு அதுதான் வேணும்.

நாங்கள் போன உடனை சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவம் எண்டு நிக்க, அன்ரி விடேல்லை. "நாலு மணிக்கு முதல் ஒருத்தரும் படலை தாண்டக்கூடாது, பிள்ளையளுக்கு வெயில் பிடிச்சா நான் எங்கை ஓடுறது, சாப்பிட்டுப் படுங்கோ, பொழுது சாயட்டும்" எண்டு கட்டளை மாதிரிச் சொல்லிப்போட்டா. இதுதான் நான் அந்த வீட்டுக்குக் குடுக்கிற முதலாவது பெரிய புள்ளி. காசு வாங்கிற ஆக்கள் உங்களைச் சுத்திக் காட்டுறம் எண்டு வெயிலுக்கை இழுப்பினம், இவ படுக்கச் சொல்லுறா. சோறு, விளைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை, ஒரு ரசம். சாப்பிட்டுப்போட்டு ஆறு பேரும் அடிச்சுப்போட்ட மாதிரிப் படுத்திட்டம், மூண்டரைக்கு எழும்பேக்கை வேம்பு நிழல் முத்தத்தைத் தாண்டி மதிலிலை ஏறிட்டுது, காத்தும் திரும்பியிருந்தது.

சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும். மொத்தம் ஆறு சைக்கிள் எங்களுக்கு எடுத்து நிப்பாட்டியிருந்தவர் அந்த வீட்டு ஐயா. ரெண்டு லுமாலா லேடீஸ் சைக்கிள், ஒரு சின்னன் சின்னவனுக்கு, மிச்சம் பெரிய சைக்கிள். சும்மா தள்ளித் தந்துபோட்டுப் போகேல்லை மனிசன். ஒவ்வொருத்தரையும் ஏறி இருக்கச் சொல்லி, கால் எட்டுதோ எண்டு பாத்து, சீற்றைக் கழட்டி இறக்கி ஏத்தி, ரயரைப் பெருவிரலாலை அமத்திப் பாத்து, பம் எடுத்துக் காத்தடிச்சு, ரெண்டு பிறேக்கையும் பிடிக்கச் சொல்லிப் பாத்துத்தான் விட்டவர். அண்ணிக்கு இருவது வருசமாச் சைக்கிள் பழக்கம் விட்டுப்போச்சு, பயந்துகொண்டு நிண்டவ. ஐயா ஒண்டும் சொல்லாமல் கரியரைப் பிடிச்சுக்கொண்டு ஒழுங்கை முடியுமட்டும் பின்னாலை ஓடிவந்தவர், அவருக்கு அறுவது வயசுக்கு மேலை இருக்கும். அண்ணி திரும்பிப் பாக்கேக்கை அவர் கையை விட்டு எவ்வளவோ நேரம்.

நெடுந்தீவிலை சைக்கிள் ஓடுறது போலச் சுகம் வேறை ஒரு இடத்திலையும் இல்லை. ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் நிலம், முழுக்கச் சமதரை, ஏத்தம் இறக்கம் எண்ட கதையே இல்லை, வாகனமும் இடைக்கிடை ஒண்டுதான் வரும். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் அந்த முருகைக்கல்லு வேலி. சீமெந்து கிடையாது, சாந்து கிடையாது, கல்லுக்கு மேலை கல்லை அடுக்கி வைச்சிருக்கு, அவ்வளவுதான். மதியம் வானுக்குள்ளையிருந்து பாத்தா அது வெறும் வெள்ளைக் கல்லு. அஞ்சு மணி வெயில் சரிவாப் படேக்கை ஒவ்வொரு கல்லிலையும் இருக்கிற பூவும் வரியும் குழியும் நிழலோடை எழும்பி வரும். மூத்தவள் சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு ஒரு கல்லிலை விரலை வைச்சு அந்த வரியைத் தடவித் தடவிப் பாத்தவள், விசிறி மடிப்பு மாதிரி ஒரு கல்லு, பக்கத்திலை தேன்கூடு மாதிரி ஒண்டு. "மாமி, இது உயிரோடை இருந்ததோ" எண்டு கேட்டாள். ஓம் எண்டன், கடலுக்கை உயிரோடை வளந்ததுதான் இந்த வேலி முழுக்க. அந்தக் கல்லிடுக்குகளாலை பின்னேரக் காத்து வரேக்கை ஒரு மெல்லிய ஊதல் சத்தம் கேக்கும், சைக்கிளிலை போனாத்தான் அது காதிலை விழும்.

கோட்டையைக் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன், அதைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கினம். ஆசுப்பத்திரிக்குப் பின்பக்கம், கடலை ஒட்டி, முருகைக்கல்லாலை கட்டி இடிஞ்ச சுவர்கள். போர்த்துக்கேயர் கட்டினது, ஒல்லாந்தரும் இருந்தது. மதியம் போனா நிக்க நிழல் இல்லை. அஞ்சு மணிக்குப் போனா அந்தச் சுவர் முழுக்க மஞ்சள் தண்ணி தெளிச்ச மாதிரி இருக்கும், யன்னல் ஓட்டையாலை கடல் தெரியும், அந்த நேரம் அதிலை எங்களைத் தவிர ஒரு குஞ்சு குருமானும் இல்லை.

பிறகுதான் குதிரை. ஐயா எங்களுக்கு முன்னாலை தன்ரை சைக்கிளிலை வந்தவர், வழிகாட்டுறதுக்கெண்டு தனியாக் காசு கேக்கேல்லை. குதிரை மேயிற வெளிக்கு வந்தோடனை எல்லாரையும் இறங்கி சைக்கிளை வேலியோடை சாத்தச் சொன்னவர். "இனி நடை. கிட்டப் போகாதேங்கோ, சாப்பாடு ஒண்டும் காட்டாதேங்கோ, பின்னங்காலுக்குப் பக்கம் நிக்காதேங்கோ" எண்டு பிள்ளையளுக்குச் சொல்லிவிட்டார். ஒல்லாந்தர் காலத்திலையிருந்து இஞ்சை வளத்த குதிரையளின்ரை வம்சம் எண்டு சொல்லுவினம், பிறகு இங்கிலீசுக்காரன் காலத்திலையும் வளத்திருக்கிறாங்கள், பிறகு கவனிப்பார் இல்லாமல் வெளியிலை நிண்டு தானாப் பெருகினது. 2015 இலை நெடுந்தீவின்ரை ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா எண்டு அறிவிச்சது. உயரம் குறைஞ்ச குதிரை, மண்ணிறம், கறுப்பு, இடைக்கிடை வெள்ளை பட்டது. பங்குனியிலை மழைக்குப் பிறகான புல்லு இன்னும் மிச்சம் இருக்கும், அதாலை உடம்பும் தேறியிருக்கும். ஆடி ஆவணியிலை வறட்சி வந்தா தண்ணிக்குப் படுற பாட்டைப் பாக்க ஏலாது எண்டு ஐயா சொன்னவர், சொல்லேக்கை முகமே மாறிப்போச்சு.

நாங்கள் மணல்லை குந்தி இருந்தம். ஒரு இருவது குதிரை இருக்கும், பொழுது சாயச் சாய மெல்ல மெல்ல எங்கடை பக்கம் மேஞ்சுகொண்டு வந்தது. ஒரு தாய்க்குதிரையும் குட்டியும் மற்றதுகளை விடக் கிட்ட வந்திட்டுது. அவ்வளவு அமைதியிலை அது புல்லை இழுத்துக் கடிக்கிற சத்தம் கேட்டது, கறுக், கறுக் எண்டு. குட்டி தாயின்ரை வயித்துக்குக் கீழாலை ஒருக்கா இந்தப்பக்கம் ஒருக்கா அந்தப்பக்கம் போய் வந்தது, வெயில் பின்னாலையிருந்து அடிக்க அதின்ரை காது ரெண்டும் சிவப்பாத் தெரிஞ்சது. சின்னவன் ஒரு சத்தமும் போடேல்லை, வாயிலை கையை வைச்சுக்கொண்டு இருந்தவன். பகல்லை வந்த நேரம் நான் கண்டது என்னெண்டா, வானை நிப்பாட்டிப்போட்டு ஓடிப்போய் பிஸ்கற்றை நீட்டுற ஆக்களும், குதிரை வெருண்டு ஓடுறதும், பிறகு அந்த வெளியிலை பறக்கிற சாப்பாட்டுப் பேப்பரும்தான். தயவுசெய்து உதைச் செய்யாதேங்கோ.

அதிலையிருந்து மேற்குக் கரைக்கு இன்னும் கொஞ்சத் தூரம். மணல் வந்தா சைக்கிளைத் தள்ளத்தான் வேணும், அண்ணிக்கு அது கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. கரையிலை உடைஞ்ச முருகைக்கல்லு, சிப்பி, காய்ஞ்ச சாதாளை. தண்ணி முழங்காலளவுக்குக் கன தூரம் போகுது, பிள்ளையளை விட்டுப்போட்டு அந்தரப்படாமல் இருக்கலாம். ஆனா அதுக்கும் ஐயா ஒரு பாடம் எடுத்தவர்: காலைத் தூக்கித் தூக்கி வைச்சு நடவாதேங்கோ, மணல்லை தேய்ச்சுத் தேய்ச்சு நடவுங்கோ, திருக்கை மணலுக்கை பதுங்கிக் கிடக்கும், தேய்ச்சுக்கொண்டு போனா அசுமாத்தம் கண்டு தானே விலத்திப் போயிடும், மிதிச்சாத்தான் வாலாலை குத்தும். சின்னவன் அண்டைக்குப் பின்னேரம் முழுக்கத் தேய்ச்சுத் தேய்ச்சே நடந்தவன், ரவுணுக்கு வந்து விறாந்தையிலையும் அப்பிடித்தான் நடந்தவன். தண்ணி பகல் முழுக்க வெயில் குடிச்சு இளஞ்சூடா இருந்தது, நடுவிலை எங்கையோ ஒரு குளிர் நீரோட்டம் காலிலை தொட்டுப்போட்டுப் போகும், பிறகு திரும்பவும் சூடு.

ஊர்ப் பெடியள் நாலைஞ்சு பேர் ஈர மணல்லை கோடு கீறிக் கிளித்தட்டு விளையாடினவை, எங்கடை ரெண்டையும் கூப்பிட்டுச் சேத்துக்கொண்டினம். மூத்தவளுக்குப் பாதித் தமிழ்தான் வரும், அதுக்கென்ன, கோட்டிலை நிண்டு மறிக்கத் தமிழ் தேவையில்லைத்தானே, நாலாவது ஆட்டத்திலை அவள்தான் கிளி. ஆறு மணிக்கு ஐயா கரியரிலை கட்டிக்கொண்டு வந்த உமல் பையை அவிட்டார். அன்ரி ஒரு பெரிய பிளாஸ்கிலை பிளேன்ரீயும், உடைச்ச பனங்கட்டியும், அவிச்ச பனங்கிழங்கும் குடுத்துவிட்டிருந்தவ. சொல்லியே விடேல்லை எங்களுக்கு. இது வாடகைக்குள்ளை அடக்கம் எண்டு அடுத்தநாள்தான் தெரியும். பனங்கட்டியை ஒரு கடி, பிளேன்ரீ ஒரு மிடறு, கால் ரெண்டும் கடல் தண்ணிக்கை.

ஆறு இருவது தாண்ட சூரியன் தண்ணியிலை முட்டினது. சாட்டிக் கடற்கரையிலை நிண்டும் பாத்திருக்கிறன், கசூரினாக் கடற்கரையிலை நிண்டும் பாத்திருக்கிறன், இஞ்சை என்ன வித்தியாசம் எண்டா முன்னுக்கு ஒண்டுமே இல்லை. பாலம் இல்லை, கரை இல்லை, ஒரு தூணும் இல்லை, கண்ணுக்கு எட்டின மட்டும் கடல். ஒரேயொரு வள்ளம் மட்டும் வலை போட வெளிக்கிட்டுப் போனது, அது சூரியனுக்குக் குறுக்காலை போகேக்கை அதிலை நிண்டவரின்ரை கையிலையிருந்த கயிறு கூடத் தெரிஞ்சது. பிறகு சூரியன் இறங்கிட்டுது, நாங்கள் எழும்ப வெளிக்கிட அப்பா "இருங்கோ, இன்னும் முடியேல்லை" எண்டவர். சரியாத்தான் சொன்னவர். அதுக்குப் பிறகு வந்த மைம்மல் நேரம்தான் இன்னும் வடிவு, வானம் முழுக்கச் செம்மஞ்சளாப் போய், பிறகு ஊதாவாப் போய், அந்த நிறம் முழுக்க ஈர மணல்லை விழுந்து, பிள்ளையள் ஓடி விளையாடுறது நிறத்துக்கு மேலை ஓடுற மாதிரி இருந்தது. அப்பா கடல் பக்கம் பாத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு ஒவ்வொரு நாளும் இதிலை வந்து இருக்கிறனான், அந்த நேரம் வீட்டை நினைச்சு அழுகை வரும், பிறகு இதைப் பாத்தோடனை சரியாயிடும் எண்டு சொன்னவர். நாப்பது வருசத்துக்கு மேலை எங்களுக்குச் சொல்லாத கதை அது.

திரும்பி வரேக்கை இருட்டு. முன்லைற் ரெண்டு சைக்கிளுக்குத்தான் இருந்தது, ஐயா முன்னாலை, அண்ணா கடைசி, மிச்சப் பேர் நடுவிலை ஒருத்தருக்குப் பின்னாலை ஒருத்தர். ரோட்டிலை மாடு படுத்திருக்கும், அதைக் கவனியுங்கோ. நிலவு இல்லாத நாள். பாதி வழியிலை அப்பா எல்லாரையும் நிப்பாட்டி லைற்றை அணைக்கச் சொன்னவர். மேற்கு வானத்திலை கார்த்திகைக் கூட்டம், தெற்கிலை தாழ்வா அகத்தியர் நட்சத்திரம் தனியா மின்னிக்கொண்டு நிண்டது. பிள்ளையள் ரெண்டும் ரொறொன்ரோவிலை இப்பிடி ஒரு வானத்தைக் கண்டதே இல்லையாம்.

இரவு ஒடியல் கூழ். நண்டு, இறால், மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு முத்தத்திலை கல்லடுப்பு மூட்டிக் காச்சி, பனையோலைப் பிளாவிலை ஊத்தித் தந்தவ. உறைப்பு எண்டா உறைப்பு, சின்னவனுக்கு மூக்காலை தண்ணி ஓடுது, ஆனா பிளாவை விடேல்லை.

குறையளும் சொல்லோணும். என்ரை சைக்கிள் பழசு, செயின் ரெண்டு தரம் கழண்டது, ஐயா கையாலை பூட்டித் தந்தவர் எண்டாலும் அதை மாத்தத்தான் வேணும். ஒரு அறை நுளம்புவலையிலை ரெண்டு ஓட்டை, அண்ணி இரவு முழுக்க அடிச்சுக்கொண்டு இருந்தவ, காலமை சொன்னோடனை அன்ரி உடனை ஊசி நூல் எடுத்துத் தைக்க இருந்திட்டா. குளிக்கிற தண்ணி உவர், சவுக்காரம் நுரைக்காது, அது தீவின்ரை தண்ணி, அவையளின்ரை பிழை இல்லை. குடிக்கிறதுக்கு அவையள் போத்தல் தண்ணி தந்தவை, எண்டாலும் கொஞ்சம் கையோடை கொண்டுபோங்கோ. கார்ட் ஒண்டும் வேலை செய்யாது, காசாத்தான் குடுக்கோணும். எங்களுக்கு அறை ஒண்டு 4500 ரூபா, சைக்கிள் ஒண்டு ஒரு நாளுக்கு 800, சாப்பாடு தனி, ஒடியல் கூழுக்கு ஆளுக்கு 1000 எடுத்தவ. கணக்கைக் கொப்பி ஒற்றையிலை எழுதித்தான் தந்தவ, ஒரு ரூபா கூடப் போடேல்லை.

பொழுதுபடேக்கை வள்ளத்திலை ஒரு சுத்துப் போவமோ எண்டு அண்ணா கேட்டவர். ஐயா மாட்டன் எண்டிட்டார், பிள்ளையளின்ரை அளவுக்கு உயிர்காப்பு அங்கி தன்னட்டை இல்லை எண்டு நேராச் சொல்லிப்போட்டார். இதை நான் ஏன் சொல்லுறன் எண்டா, வேறை ஒரு கரையிலை ஒருத்தர் எங்களை ஒரு அங்கியும் இல்லாமல் பத்துப் பேரை ஏத்திக்கொண்டு போனவர், இப்ப நினைச்சாலும் நெஞ்சு பதறுது. அதே மாதிரி முதல் தரம் நான் நெடுந்தீவு போகேக்கை ரவுணிலை ஒரு சுற்றுலா ஒழுங்கு செய்யிற ஆள் "பொழுதுபடுறதையும் பாத்துப்போட்டு அண்டைக்கே திரும்பலாம்" எண்டு சொல்லிக் காசு வாங்கினவர். அப்பிடி நடக்கவே நடக்காது. பொழுதுபட முதலே கடைசிப் படகு போயிடும், அதை ஆர் மாத்திச் சொன்னாலும் நம்பாதேங்கோ, எந்தப் படகு எத்தினை மணிக்கு எண்டதை முதல்நாளே துறையிலை கேட்டு வையுங்கோ.

இரவு நிக்க வசதி இல்லாத ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன், அப்ப நெடுந்தீவை இன்னொரு நாளைக்கு வைச்சுப்போட்டு, ரோட்டாலை போய் வரக்கூடிய தீவுக்குப் போங்கோ. பொன்னாலைப் பாலத்தாலை காரைநகர், கசூரினாவிலை தண்ணி ஆழமில்லை, குஞ்சு குழந்தையளுக்கு நல்லது, அதோடை 1916 இலை கட்டின கோவளம் வெளிச்சவீட்டையும் பாக்கலாம். சனி ஞாயிறு சனம் கூட, பாட்டுப் போடுற வான்களும் வரும், கிழமை நாள் எண்டா அமைதி. சாட்டி இன்னும் கிட்ட, மாதா கோயிலுக்குப் பக்கத்திலை. ஊர்காவற்றுறையிலையிருந்து காரைநகருக்குப் பாதை எண்டு சொல்லுற மிதவை ஓடுது, பின்னேரம் சைக்கிளையும் ஏத்திக்கொண்டு அதிலை கடக்கிறதும் நல்ல முசுப்பாத்தி.

சோளகம் பலமா வீசுற வைகாசி தொடங்கி ஆவணி வரைக்கும் படகு ஆடும், கடலுக்குப் பழக்கமில்லாத ஆக்கள் தை முடிஞ்சு பங்குனி வரைக்கும் போறதுதான் நல்லது. அடுத்தநாள் காலமைப் படகுக்கு அப்பா வரேல்லை. இன்னும் ரெண்டு நாள் நிண்டுபோட்டு வாறன் எண்டு மடிக்கிற கட்டில்லையே இருந்திட்டார், அன்ரி அவருக்குச் சீனி போடாத தேத்தண்ணி போட உள்ளை போயிட்டா, ஐயா என்ரை சைக்கிள் செயினைக் கழட்டி மண்ணெண்ணெயிலை ஊறப்போட்டுக்கொண்டு இருந்தவர். நீங்கள் போகேக்கை அது திருந்தியிருக்கும். ரோச் லைற் மட்டும் ஆளுக்கொண்டு கொண்டுபோங்கோ.